பணம் போகும் வழி, திரும்பும் வழி: ஒரு நாட்டின் நிதிக்குற்ற ஆபத்தையும் முதலீட்டுச் சூழலையும் எடைபோடுவது எப்படி?

நான் எழுதிய முதல் நாட்டு அறிக்கை பதினெட்டு பக்கம். ஏழு தரவரிசைகள், அட்டவணைகள், வண்ணம் தீட்டிய வரைபடம் என்று எல்லாம் இருந்தன. படித்து முடித்த மேலதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சரிப்பா, இங்கே போடுற பணம் எந்த வழியா உள்ளே போகும், லாபம் எந்த வழியா வெளியே வரும்?” பதினெட்டு பக்கத்தில் எங்கேயும் அதற்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்த நாட்டைப் பார்க்க உட்கார்ந்தாலும் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் பணத்தின் பாதையை வரைந்துகொள்கிறேன். எங்கிருந்து கிளம்புகிறது, எந்த வங்கியில் இறங்குகிறது, யார் கையில் தங்குகிறது, எப்படித் திரும்புகிறது. பட்டியல்களும் மதிப்பெண்களும் அந்தப் பாதையில் எங்கே பொருந்துகின்றன என்பதை அப்புறம்தான் பார்ப்பேன்.

சட்டவிதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் வங்கியின் இணக்கப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர், வெளிநாட்டில் கால் வைக்க நினைக்கும் நிறுவனத்தின் கணக்காளர், ஆய்வு மாணவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பல அலுவலகங்களில் நிதிக்குற்ற ஆபத்தை ஒருவரும் முதலீட்டுச் சூழலை இன்னொருவரும் எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதுகூட இல்லை. ஆனால் இருவரும் கேட்பது அதே நீதிமன்றத்தை, அதே மத்திய வங்கியை, அதே கம்பெனிப் பதிவகத்தை, அதே சுங்கத்துறையைப் பற்றித்தான். இந்த நான்கும் ஒழுங்காக நடந்தால் திருடனுக்குக் கஷ்டம், முதலீட்டாளருக்கு நிம்மதி.

முதல் படி: கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

“இந்த நாடு ஆபத்தானதா?” என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. அங்குள்ள வங்கியோடு டாலர் கணக்கு தொடங்குபவருக்கு ஒரு ஆபத்து, தொழிற்சாலை கட்டுபவருக்கு வேறு ஆபத்து, சரக்கு மட்டும் வாங்குபவருக்கு இன்னொன்று. யார் போடுகிறார், எவ்வளவு, எந்தத் துறையில், எத்தனை ஆண்டுக்கு, எந்த நாணயத்தில் என்று ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள்.

சொற்களிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். தமிழ்ச் செய்திகளில் “பணமோசடி” என்ற ஒரே சொல்லை ஏமாற்றுவதற்கும் எழுதுகிறார்கள், குற்றத்தில் வந்த பணத்தை நல்ல பணம்போல் மாற்றுவதற்கும் எழுதுகிறார்கள். அறிக்கையில் இவை கலந்தால் குழப்பம்தான். நான் இரண்டாவதைப் பணச்சலவை என்றே எழுதுவேன். லஞ்சம், வரி ஏய்ப்பு, தீவிரவாதத்துக்கு நிதி, பொருளாதாரத் தடையை மீறுவது எல்லாம் தனித்தனி ஆபத்துகள். லஞ்சம் குறைவாக இருக்கும் நாட்டில் பணச்சலவை நிறைய நடக்கலாம். அதற்கு ஒரு பெரிய உதாரணம் பின்னால் வருகிறது.

இரண்டாவது படி: தடைப் பட்டியல்கள்

யாரோடு பணப் பரிமாற்றம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லும் பட்டியல்கள் இவை. “கூடும்”, “கூடாது” என்று நேரடியாகப் பதில் கிடைக்கும் என்பதால் இதை முதலில் முடித்துவிடுங்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபையின் பட்டியல், அமெரிக்க நிதித்துறையில் தடைகளைக் கவனிக்கும் ஓஃபாக் அலுவலகத்தின் பட்டியல், ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல், பிரிட்டனின் பட்டியல் ஆகிய நான்கையும் பாருங்கள். நாட்டின் பெயர் இல்லையே என்று நிறுத்திவிடக் கூடாது. அங்குள்ள வங்கிகள், துறைமுக நிறுவனங்கள், அமைச்சர்களின் பெயர்களையும் தேட வேண்டும். ஓஃபாக் விதிப்படி, தடைக்கு உள்ளானவர்களுக்கு மொத்தமாக 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கும் நிறுவனம், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் தடைக்கு உட்பட்டதுதான்.

நாணயம் ஏன் முக்கியம் என்பதற்கு பி.என்.பி. பாரிபா வழக்கு போதும். பிரெஞ்சு வங்கி அது. சூடான், ஈரான், கியூபா தொடர்பான பணப்பரிமாற்றங்களுக்காக 2014-ல் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 900 கோடி டாலர் கட்டியது. அந்தப் பரிமாற்றங்கள் டாலரில் நடந்தன, டாலர் அமெரிக்க நிதியமைப்பின் வழியாகத்தான் போனது. உங்கள் தாளில் பாதை எந்த நாட்டின் வழியாகப் போகிறதோ, அந்த நாட்டின் சட்டமும் கூடவே வரும்.

மூன்றாவது படி: எஃப்.ஏ.டி.எஃப். அறிக்கையை உள்ளே போய்ப் படியுங்கள்

நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்கிற எஃப்.ஏ.டி.எஃப்., பணச்சலவையைத் தடுக்க 1989-ல் ஜி-7 நாடுகள் தொடங்கிய அமைப்பு. தலைமையகம் பாரிஸ். பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று ஆண்டுக்கு மூன்று முறை இரண்டு பட்டியல்களைப் புதுப்பிக்கிறது. கறுப்புப் பட்டியல் என்று எல்லோரும் சொல்வது மிக மோசமான குறைகள் உள்ள நாடுகளின் பட்டியல். அதில் வட கொரியாவும் ஈரானும் இருந்தன, 2022 அக்டோபரில் மியான்மரும் சேர்ந்தது. சாம்பல் பட்டியலில் இருப்பவை, குறைகளை ஒப்புக்கொண்டு, இன்ன தேதிக்குள் சரிசெய்கிறோம் என்று கையெழுத்திட்ட நாடுகள். பாகிஸ்தான் 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை அதில் இருந்தது. துருக்கி 2021-ல் நுழைந்து 2024-ல் வெளியே வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2022-ல் நுழைந்து 2024-ல் வந்தது. ஆகவே “சாம்பல் பட்டியலில் உள்ளது” என்று எழுதும்போது பக்கத்தில் தேதி போடாவிட்டால் அந்த வரி பொய்யாக வெகுநாள் ஆகாது.

பட்டியலில் சேர்வது வெறும் பெயர்க் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். சாம்பல் பட்டியலுக்குப் போன நாடுகளுக்குள் வரும் மூலதனம் சராசரியாக அவற்றின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.6 சதவீதம் அளவுக்குக் குறைந்தது என்று சர்வதேச நாணய நிதியத்தின் 2021-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று கணக்கிட்டது. நிதிக்குற்ற ஆபத்தும் முதலீட்டுச் சூழலும் ஒரே பேச்சு என்பதற்கு இது ஒரு சான்று.

பட்டியலைவிட முக்கியமானது ஒவ்வொரு நாட்டுக்கும் வெளியாகும் பரஸ்பர மதிப்பீட்டு அறிக்கை. நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், பயப்படாதீர்கள். அதில் இரண்டு வகை மதிப்பெண்கள். 40 பரிந்துரைகளுக்கு ஏற்பச் சட்டம் இருக்கிறதா என்பது ஒன்று, அந்தச் சட்டம் நடைமுறையில் வேலை செய்கிறதா என்பதற்கான 11 விளைவுகள் இன்னொன்று. புதியவர்கள் முதல் வகையைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். சட்டம் எழுதுவது சுலபம். இரண்டாவது வகையில் 5, 7, 8 ஆகிய மூன்று விளைவுகளை முதலில் படியுங்கள். ஐந்தாவது, கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் உண்மையான உரிமையாளர் தெரிகிறாரா என்பது. ஏழாவது, பணச்சலவைக்கு வழக்குப் போட்டுத் தண்டிக்கிறார்களா என்பது. எட்டாவது, பணத்தைப் பறிமுதல் செய்கிறார்களா என்பது. சட்டத்துக்கு நல்ல மதிப்பெண், இந்த மூன்றிலும் குறைவு என்றால் அந்த நாட்டில் காகிதம் மட்டும்தான் வலுவாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம், மதிப்பீட்டாளர்கள் நேரில் வந்த தேதியும் அறிக்கை வெளியான தேதியும் வேறு. அறிக்கை சொல்வது வந்து பார்த்த அன்றைய நிலவரம். அதற்குப் பிறகு வெளியான தொடர் அறிக்கைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சட்டம் யாரை விட்டுவைத்திருக்கிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை. வங்கதேச மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்தவர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த அதன் கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் அனுப்பினார்கள். மொத்தம் 95 கோடி டாலர். மறுநாள் வெள்ளி, வங்கதேசத்தில் விடுமுறை. பெரும்பாலான உத்தரவுகள் தடுக்கப்பட்டன. இலங்கைக்குக் கிளம்பிய 2 கோடி டாலர், ஃபவுண்டேஷன் என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருந்ததை இடையில் இருந்த வங்கி கவனித்துக் கேட்டதால் நின்று, திரும்பி வந்தது. ஆனால் 8.1 கோடி டாலர் மணிலாவில் ஒரு வங்கிக் கிளைக்குப் போய்விட்டது. அங்கே முந்தைய ஆண்டு மே மாதமே போலிப் பெயர்களில் தொடங்கிய நான்கு கணக்குகள் சும்மா காத்துக் கிடந்தன. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு, பிலிப்பைன்ஸில் விடுமுறை. அன்று வங்கி மூடியிருந்ததால், பணத்தை நிறுத்தச் சொன்ன எச்சரிக்கையை யாரும் உடனே கவனிக்கவில்லை. பணம் பெசோவாக மாறிப் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் போனது. அங்கே தடம் அறுந்தது.

ஏன் சூதாட்ட விடுதி? பிலிப்பைன்ஸின் பணச்சலவைத் தடுப்புச் சட்டம் அப்போது வங்கிகளுக்குப் பொருந்தியது, சூதாட்ட விடுதிகளுக்குப் பொருந்தவில்லை. சந்தேகத்துக்குரிய பணம் வந்தால் அரசுக்குச் சொல்ல வேண்டிய கடமை அவற்றுக்கு இல்லை. 2017-ல்தான் சட்டத்தைத் திருத்தி அவற்றையும் சேர்த்தார்கள். இந்த ஓட்டை ரகசியமாக இருக்கவில்லை, சட்டத்தைப் படித்த எவருக்கும் தெரிந்திருக்கும். திருடர்கள் படித்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே அறிக்கையில் வங்கிகளைப் பற்றிய பகுதியோடு நிறுத்தாதீர்கள். சூதாட்டம், மனை வணிகம், தங்கம், நகை, வழக்கறிஞர், கணக்காளர், கம்பெனி தொடங்கித் தரும் முகவர், கிரிப்டோ பரிமாற்றகம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இவர்களுக்குச் சட்டம் பொருந்துகிறதா? பொருந்தினால் யார் கண்காணிக்கிறார்? கடைசியாக எப்போது அபராதம் போட்டார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால், அதையே ஒரு கண்டுபிடிப்பாக எழுதிவையுங்கள்.

நான்காவது படி: மதிப்பெண்கள் எதை அளக்கின்றன என்று பாருங்கள்

எல்லோரும் முதலில் எடுப்பது ஊழல் எதிர்ப்பு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் ஊழல் உணர்வுக் குறியீடு. 0 முதல் 100 வரை, அதிகம் என்றால் நல்லது. அது அளப்பது அரசுத் துறையில் ஊழல் எவ்வளவு என்று வல்லுநர்களும் தொழில் நடத்துபவர்களும் கருதுவதை. தனியார் வங்கிக்குள் என்ன நடக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை.

டென்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ஆம் ஆண்டுக் குறியீட்டில் 88 மதிப்பெண்ணோடு முதலிடம். அதே 2018 செப்டம்பரில்தான், டென்மார்க்கின் மிகப் பெரிய வங்கியான டான்ஸ்கேவின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ வெளிநாட்டவர் பணம் பாய்ந்திருந்தது, அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று அந்த வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே சொன்னது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2022 டிசம்பரில் வங்கி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. குறியீடு பொய் சொல்லவில்லை. டென்மார்க் அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்து யாரும் இந்தப் பணத்தை நகர்த்தவில்லை. நல்ல பெயர் உள்ள நாட்டின் வங்கி என்பதுதான் அந்தப் பணத்துக்குத் தேவைப்பட்டது.

சில அளவுகோல்களில் திசையே மாறும். பேசல் இன்ஸ்டிட்யூட் 2012 முதல் வெளியிடும் பணச்சலவைக் குறியீடு 0 முதல் 10 வரை, 10-க்குப் பக்கத்தில் போனால் ஆபத்து. டாக்ஸ் ஜஸ்டிஸ் நெட்வொர்க்கின் நிதி ரகசியக் குறியீட்டிலும் மேலே இருப்பது கெட்டது. 2022-ல் அதில் முதலிடத்தில் இருந்தது அமெரிக்கா. ஒரே அட்டவணையில் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எந்த நாட்டில் தொழில் நடத்துவது எளிது என்று வரிசைப்படுத்திய உலக வங்கியின் டூயிங் பிசினஸ் தரவரிசையை இன்னும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2018, 2020 பதிப்புகளில் சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவந்து, 2021 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த பி-ரெடி அறிக்கை 2024 அக்டோபரில் 50 நாடுகளோடு தொடங்கியது. பழைய இடத்தைப் பெருமையாகப் போட்டிருக்கும் விளம்பரக் கையேடு கையில் கிடைத்தால், அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள்.

ஐந்தாவது படி: பணம் வெளியே வருமா?

முதலீட்டுச் சூழல் என்றதும் வரிச்சலுகை, மலிவான நிலம், ஒற்றைச் சாளரம் என்று உள்ளே போகும் வாசலைத்தான் எல்லோரும் வருணிக்கிறார்கள். நான் பார்ப்பது வெளியே வரும் வாசலை.

நைஜீரியாவில் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் நைரா நாணயத்தில் பயணச்சீட்டு விற்றன. விற்ற பணத்தை டாலராக மாற்றி எடுத்துப்போக முடியவில்லை, மத்திய வங்கியிடம் கொடுக்க டாலர் போதவில்லை. 2023-ல் அப்படிச் சிக்கியிருந்த தொகை 80 கோடி டாலருக்கு மேல் என்று விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா சொன்னது. எமிரேட்ஸ் 2022-ல் அங்கே சேவையை நிறுத்தி, 2024 அக்டோபரில்தான் திரும்பியது. விமானம் நிறைந்து பறந்தது, கணக்கில் பணமும் இருந்தது, வெளியே மட்டும் வரவில்லை.

இங்கேதான் இரண்டு ஆபத்துகளும் கை கோக்கின்றன. அதிகாரபூர்வ வாசல் அடைபட்டால் பணம் ஜன்னல் தேடும். நேர்மையான வியாபாரிகூட, வங்கிக்கு வெளியே பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரரிடம் போவார், இறக்குமதி விலையை உயர்த்திக் காட்டி டாலரை வெளியே எடுப்பார். அப்புறம் அந்த வழியில் யாருடைய பணம் யாருடைய பணத்தோடு கலக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு நாட்டைப் பற்றி ஒரே ஒரு எண்தான் கிடைக்கும் என்றால், வங்கியில் டாலர் விலைக்கும் வெளிச்சந்தையில் டாலர் விலைக்கும் உள்ள இடைவெளியைக் கேட்பேன். இடைவெளி சில மாதங்களாக விரிந்துகொண்டே போனால் முதலீட்டாளருக்கும் ஆபத்து, இணக்க அதிகாரிக்கும் வேலை கூடுகிறது.

விலையை உயர்த்திக் காட்டும் பழக்கத்தைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஐ.நா.வின் காம்ட்ரேட் என்ற வர்த்தகத் தரவுத்தளத்தில், இந்த நாடு “இவ்வளவு இறக்குமதி செய்தேன்” என்று சொல்வதையும், எதிர்ப்பக்க நாடு “இவ்வளவு ஏற்றுமதி செய்தேன்” என்று சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கப்பல் கட்டணம், காப்பீடு காரணமாகக் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். தங்கம், கைப்பேசி போன்ற ஒரு குறிப்பிட்ட பொருளில் மட்டும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அங்கே தோண்டலாம்.

சட்டப் பக்கத்தில், நாடு 1958-ஆம் ஆண்டு நியூயார்க் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை உள்ளூர் நீதிமன்றம் நிறைவேற்றுவதற்கான ஒப்பந்தம் அது. உங்கள் நாட்டோடு முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டா, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதை ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட்டின் இணையத் தொகுப்பில் தேடலாம். ஒப்பந்தம் இருப்பது வேறு, நீதிமன்றம் ஆறு மாதத்தில் உத்தரவு போடுவது வேறு. இரண்டையும் எழுதுங்கள்.

ஆறாவது படி: நீங்களே ஒரு முறை தட்டிப் பாருங்கள்

அந்த நாட்டின் கம்பெனிப் பதிவகத்துக்குப் போய் ஏதாவது ஒரு நடுத்தர நிறுவனத்தின் உண்மையான உரிமையாளரைத் தேடிப் பாருங்கள். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கிறதா, கட்டணமா, வழக்கறிஞர் மூலம் மனு போட வேண்டுமா, பெயர் கிடைத்தாலும் அது இன்னொரு நாட்டுக் கம்பெனியின் பெயரா? பல நாடுகளில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தால்தான் பெயர் பதிவாகும். ஐந்து உறவினர்கள் ஆளுக்கு 20 சதவீதம் வைத்திருந்தால் ஒருவர் பெயரும் வராது. ஐரோப்பாவிலேயே, பொதுமக்கள் எல்லோருக்கும் இந்தப் பதிவேட்டைத் திறந்துவைப்பது செல்லாது என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்த பிறகு சில நாடுகள் கதவைச் சாத்திவிட்டன. அரை நாள் செலவழித்துச் செய்யும் இந்தச் சோதனை எனக்குச் சொல்லித் தந்த அளவுக்கு எந்தக் குறியீடும் சொல்லித் தந்ததில்லை.

ஆட்களிடமும் பேசுங்கள். “அங்கே ஊழல் உண்டா?” என்று கேட்டால் “எங்கேதான் இல்லை” என்பார்கள். அதற்குப் பதில் சரக்கு அனுப்பும் முகவரிடம் கேளுங்கள்: சரக்குப் பெட்டகம் துறைமுகத்தில் எத்தனை நாள் நிற்கும்? அவசரம் என்றால் எப்படி எடுப்பீர்கள்? இரண்டாவது கேள்விக்கு முன்னால் அவர் கொஞ்சம் யோசித்தால், அந்த இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: எழுதும் முறை

மூன்று கட்டமாக எழுதுங்கள். தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் ஆபத்து எவ்வளவு, அதைக் குறைக்க நாட்டில் என்ன ஏற்பாடு இருக்கிறது, அதற்குப் பிறகும் மிஞ்சுவது எவ்வளவு. மிஞ்சும் ஆபத்துக்கு எதிரே நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதும் இருக்க வேண்டும். பணத்தின் மூலத்துக்கு ஆவணம் கேட்பது, மேலிட ஒப்புதல் வாங்குவது, தொகையைத் தவணையாகப் பிரிப்பது, லாபத்தை ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயம் வெளியே எடுத்துப் பார்ப்பது என்று அது திட்டவட்டமாக இருக்கட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த ஆண்டின் எண் என்று போடுங்கள்.

“ஆபத்து அதிகம், தவிர்க்கவும்” என்று ஒரு வரியில் முடிப்பது எழுதுபவருக்குப் பாதுகாப்பு. அந்த ஒரு வரியால் வங்கிகள் ஒட்டுமொத்தமாக விலகும்போது, வெளிநாட்டில் வேலை பார்த்து மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும் தொழிலாளிக்கு வழி அடைபடுகிறது. அவர் உண்டியலுக்குப் போவார், பணம் கண்காணிப்புக்கு வெளியே போகும். சாம்பல் பட்டியலில் உள்ள நாட்டை அப்படியே ஒதுக்கிவிடச் சொல்லவில்லை, ஆபத்துக்குத் தகுந்தபடி நடந்துகொள்ளுங்கள் என்றுதான் எஃப்.ஏ.டி.எஃப்.பும் சொல்கிறது. ஒரு நாட்டுக்கு எதிராக எழுதும் முன் எந்தத் துறை, எந்த வழி, எந்த வகை வாடிக்கையாளர் என்று சுருக்கிச் சொல்ல முடியுமா என்று இன்னொரு முறை பார்ப்பது நம் கடமை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், எது நடந்தால் இதைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று எழுதிவையுங்கள். எஃப்.ஏ.டி.எஃப். கூட்டம் முடியும் நாள், மத்திய வங்கி ஆளுநர் பதவிக்காலம் முடியும் முன்பே மாறுவது, புதிய அந்நியச் செலாவணி உத்தரவு, வெளிச்சந்தை டாலர் விலை நீங்கள் குறித்த எல்லையைத் தாண்டுவது. இவற்றில் ஒன்று நடந்தால் அந்த முதல் தாளை எடுத்து, பணத்தின் பாதையை மறுபடி வரைந்து பாருங்கள்.